பசியோடு உட்கார்ந்த கூடைக்காரி

படம் போடுவதுதான் என் பிழைப்பு. குழந்தைகள் படிக்கிற கதைப் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன். சென்னையிலிருந்து என்னைப் பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள், "உங்கள் மலைக்கதைகள்தானே உங்களுக்குத் தூண்டுதல்?" என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டுக் காப்பி போட எழுந்துவிடுவேன். தூண்டுதலாவது, ஒன்றாவது! அந்தக் கதைகளில் ஒன்று என் அப்பாவின் வாயை அடைத்துப் போட்டது. அதைத் திறக்க வழி தெரியாமல் மாசக்கணக்கில் நான் அல்லாடினேன். காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் வந்தவர்களிடம் இதைச் சொல்வதில்லை.

நாங்கள் காணிக்காரர்கள். காரையாறு அணைக்கு மேலே காட்டுக்குள் எங்கள் குடியிருப்பு. மரவள்ளி, மிளகு, காலம் வந்தால் தேன். அப்பா இவற்றோடு பாட்டும் பாடுவார். யாருக்காவது சீக்கு வந்தால் வெற்றிலை பாக்கு கொண்டுவந்து அப்பா முன்னால் வைப்பார்கள். அவர் கொக்கரையை எடுப்பார். அது ஒரு இரும்புக் குழல். உடம்பெல்லாம் பல்லுப் பல்லாக வெட்டியிருக்கும். இன்னொரு இரும்புக் கம்பியால் அதை உரச உரச, கரகரவென்ற அந்தச் சத்தத்தின் மேலேயே பாட்டு ஏறும். எங்கள் குடியிருப்பில் பெண்கள் பாடுவதில்லை. உள்ளே உட்கார்ந்து கேட்போம். கேட்டுக் கேட்டே எனக்கு எல்லாம் பாடமாகிவிட்டது.

அதில் கூடைக்காரியின் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவள் மலை உச்சியில் இருப்பவள். முதுகில் ஈற்றை மூங்கிலில் முடைந்த கூடை. கூப்பிட்டால் ஒவ்வொரு ஓடையாகத் தாண்டி இறங்கி வருவாள். வழியில் கரடியோடு சண்டை போடுவாள், தேனீயிடம் வழி கேட்பாள். குடியிருப்புக்கு வந்ததும் முற்றத்தில் உட்கார்ந்து, "எனக்குப் பசிக்குது" என்பாள். சோறு போட வேண்டும். தின்றுவிட்டு எழுந்து, சீக்காளியின் சீக்கை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு மறுபடி மலையேறுவாள். உச்சிக்குப் போய் அதை மறுபக்கம் கொட்டிவிடுவாள். அதோடு பாட்டு முடியும்.

ஒரு பாட்டை எடுத்தால் முடித்தே ஆக வேண்டும். மழை பெய்தாலும், பாடுகிறவருக்குத் தொண்டை கட்டினாலும் சரிதான். பாதியில் ஒரு பாட்டு நிற்கும்போது இன்னொரு பாட்டை எடுக்கக் கூடாது. எங்கள் குடியிருப்பின் வழக்கம் இது. மற்ற இடத்துக் காணிகள் எப்படியோ, நான் கேட்டதில்லை.

படிக்க என்று கீழே ஹாஸ்டலுக்கு வந்தவள், ஓவியப் பரீட்சை எழுதிவிட்டுத் திருநெல்வேலி பேட்டையில் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மாடியில் எனக்கு ஒரு மேஜை, கீழே மிஷின். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படியே. சைவக் குடும்பம், நெற்றி நிறையத் திருநீறு. ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் நிறைய இருந்ததாம். அது போன பிறகு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைவிழா நோட்டீஸ், கருப்பட்டி மிட்டாய் லேபிள், எதுவானாலும் படம் என் கையால்தான். ஆழ்வார்திருநகரிக்காரர்களுக்குக் கருடன் போட்டேன். புன்னக்காயலிலிருந்து மாதா கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்க வந்தவர்கள் மாதாவை விட்டுவிட்டுப் பின்னால் நின்ற படகையே பார்த்தார்கள். "பாய் இப்படியாம்மா கட்டுவாங்க? காத்து எங்கேருந்து அடிக்குதுன்னு பாத்தியா?" என்று கேட்டு, அவர்களுக்குச் சரியென்று படுகிறவரை என்னை மாற்றி மாற்றி வரைய வைத்தார்கள். கை திருந்தியது அப்படித்தான்.

ஒருநாள் அண்ணாச்சி மாடிக்கு வந்தார். "ஊர்ல உள்ள சாமி எல்லாத்தையும் போட்டுட்ட. உங்க சாமி எப்படிம்மா இருக்கும்?"

"எங்க சாமிக்கு மூஞ்சி கிடையாது அண்ணாச்சி."

"மூஞ்சி இல்லாம ஒரு சாமியா? சும்மா கதை விடாத."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கழிவுத்தாள் ஒன்றை இழுத்துப் போட்டுக் கூடைக்காரியை வரைந்தேன். பாட்டில் அவளுக்குக் கால் உண்டு, கூடை உண்டு, பசி உண்டு. மூஞ்சி ஒரு வரியிலும் வராது. அதனால் முதுகும் கூடையும், ஓடைத் தண்ணீரில் ஊன்றிய இரண்டு காலும் மட்டும் போட்டேன். அண்ணாச்சி தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏயப்பா," என்றார். "இவ திரும்பிப் பாத்துருவாளோன்னு பயமா இருக்கு. நம்ம பத்திரிகையில தொடராப் போடு."

அந்தச் சமயம் அவர் பிள்ளைகளுக்காக மாதம் இருமுறை ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். பேட்டையிலிருந்து புன்னக்காயல் வரை, ஆற்றோரத்து ஊர்களின் பேப்பர் கடைகளுக்குப் போகும். நான் முதல் படங்களை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முழுசும் போடுவியா?" என்று கேட்டார்.

"முழுசும் போடுவேன்."

"போட்டாச் சரி," என்றார்.

தொடர் நன்றாகப் போயிற்று. ஒவ்வொரு இதழையும் மலைக்குப் போகிறவர்கள் கையில் அப்பாவுக்குக் கொடுத்தனுப்பினேன். அண்ணாச்சி கடைக்காரர்களிடமெல்லாம், "இது நம்ம பிள்ள போட்டதுவே," என்று காட்டிக்கொண்டு அலைந்தார். கூடைக்காரி ஓடை தாண்டினாள், கரடியை விரட்டினாள், தேனீயிடம் வழி கேட்டாள். ஒரு இதழில் குடியிருப்பு வந்து சேர்ந்து முற்றத்தில் உட்கார்ந்தாள். "எனக்குப் பசிக்குது" என்றாள். கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது.

தொடரவில்லை. கேபிள் டிவி வந்த புதிது. "பிள்ளையளெல்லாம் டிவி முன்னாடி உக்காந்திருக்கு. நான் பத்திரிகையை யாருக்கு விக்க? போதும் தாயி, ஆள விடு," என்று அண்ணாச்சி கையை விரித்துவிட்டார். எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. பாதி வரைந்த படத்தைச் சுருட்டிப் பரண்மேல் எறிந்தேன். நின்றது ஒரு பத்திரிகை, அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு யானை வரைய உட்கார்ந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து மலைக்குப் போனேன். வாசலில் கால் வைக்கவில்லை, அம்மா பிடித்துக்கொண்டாள். "வாடியம்மா வா! வந்தவளைப் பசியோட உக்கார வச்சுட்டு, நீ அங்கன டவுன்ல அல்வா தின்னுட்டு இருக்கியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரை உக்கார வச்சேன்?"

"கூடைக்காரியைத்தான்! ஒரு வாய் சோறு வரைஞ்சு போட உனக்கு என்ன கேடு?"

உள்ளே அண்ணன் மகளுக்குக் காய்ச்சல். மதினி ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா ஓரமாகச் சாய்ந்திருந்தார். கொக்கரை கூரையில் செருகிக் கிடந்தது. பேத்திக்கே பாடவில்லை என்றால் மற்றவர்களுக்கும் பாடவில்லை என்றுதான் அர்த்தம்.

"அது பேப்பர்ல உள்ள படம்பா. பாட்டு இல்ல," என்றேன்.

"முழுசும் போடுவேன்னு நீதான் சொன்னே."

"பத்திரிகை நின்னு போச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?"

"கூப்பிட்டவ நீ. அவ வந்து உக்காந்திருக்கா. அவ எந்திரிச்சுப் போகாம நான் இன்னொருத்தரை எப்படிக் கூப்பிட?" அவர் குரலில் கோபமே இல்லை. அது என்னை இன்னும் எரிய வைத்தது.

"ஊசி போட்டா ரெண்டு நாள்ல காய்ச்சல் போயிரும். இதுக்குப் பாட்டு எதுக்கு?" என்று கத்தினேன்.

"கூட்டிட்டுப் போயேன், யாரு வேண்டாம்னா?" என்றார் அப்பா.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் மதினியும் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள், பிள்ளை தேறிவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன். அப்பாவுக்கும் சந்தோஷம்தான். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ரொம்பநேரம் இருந்தார். ஆனால் கொக்கரை இருந்த இடத்திலேயே இருந்தது.

அதன்பிறகு நான் மலைக்குப் போகும்போதெல்லாம் பார்த்தது இதுதான்: சீக்கு வந்த வீட்டிலிருந்து வெற்றிலையோடு புறப்படுகிறவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டி ஆற்றுக்கு அக்கரைக் குடியிருப்புக்குப் போனார்கள். அங்கே வேறொரு பாட்டுக்காரர் இருந்தார். யாரும் அப்பாவைக் குறை சொல்லவில்லை. தாண்டிப் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவர்கள் வருகிற நேரத்தில் அப்பா கிழங்குக் காட்டுக்குப் போய்விடுவார். இருட்டும்போது வெறுங்கையோடு வருவார். தேன் எடுக்கவோ மிளகு பறிக்கவோ அப்பாவுக்குப் பதில் வேறு ஆள் கிடைக்கும். பாட்டு இல்லாத அப்பாவை நான் பார்த்ததே இல்லை. அவர் மறுபடி பாட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மீதிக் கதையை ஒரே மூச்சில் வரைந்து, பஸ் பிடித்துக் கொண்டுபோய் அவர் முன்னால் பரப்பினேன். அவர் அதைத் தொடவில்லை. "தொடக்கத்தைப் பாத்தவங்க யாரு?" என்று கேட்டார்.

"கீழ உள்ள பிள்ளைகள்."

"அவங்க பாக்காம எப்படி முடியும்? ஒரு வீட்டுல எடுத்த பாட்டை இன்னொரு வீட்டுல போயா முடிப்பாங்க?"

அம்மா படங்களைக் குனிந்து பார்த்தாள். "கிழங்கும் மீனும் போட்டிருக்கா. அதாவது நல்லாப் போட்டிருக்கா," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

படங்களைச் சுருட்டிக்கொண்டு நேரே பேட்டைக்கு வந்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற காலம். அச்சகத்தில் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதே ஆற்றோரத்து ஊர்கள், பெரும்பாலும் அதே கடைகள். முன்னட்டையில் நான் போட்ட மயில், பின்னட்டையில் வழக்கம்போல வாய்ப்பாடு. நான் அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, பின்னட்டையில வாய்ப்பாட்டை எடுத்துட்டு இதைப் போடணும்."

அவர் படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? வாய்ப்பாடு இல்லாத நோட்டை எவன் வாங்குவான்? வாத்தியார்மாரு தூக்கி எறிஞ்சிருவாங்க."

நான் நடந்ததைச் சொன்னேன். பாதி கேட்கும்போதே அவர் முகம் மாறியது. எத்தனை ஊர்க் கொடைக்கு நோட்டீஸ் அடித்தவர் அவர்! சாமியாடியின் மேல் வந்த சாமி மலையேறாமல் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அப்போ, அந்தக் கூடைக்காரி இன்னும் மலையேறலியா?" என்று பைய கேட்டார்.

"ஏறல."

"இப்போ அவ எங்க இருக்கா?"

என் வாயில் என்ன வந்ததோ தெரியாது. "எங்க அச்சடிச்சாங்களோ அங்கனதான் உக்காந்திருப்பா," என்றேன். அப்பா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் சும்மாதான் சொன்னேன். ஆனால் சிவகாசியிலிருந்து பழசாக வாங்கிய அந்த ஆப்செட் மிஷின் வந்த நாளிலிருந்தே படுத்திக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மெல்லத் திரும்பி மிஷினைப் பார்த்தார்.

"பசிக்குதுன்னு வேற சொன்னாளே தாயி," என்றார்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி வீட்டிலிருந்து தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. மிஷினுக்கு முன்னால் இலை போட்டுப் படைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார். மிஷின்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் மாடிக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு வாய்ப்பாடு போய்ப் பின்னட்டையில் நாலு கட்டம் வந்தது. கூடைக்காரி தின்கிறாள், சீக்கை எடுத்துக் கூடையில் போடுகிறாள், மலையேறுகிறாள், உச்சியிலிருந்து மறுபக்கம் கொட்டுகிறாள். கடைக்காரர்கள் சிலர் வாய்ப்பாடு எங்கே என்று சண்டைக்கு வந்தார்கள். "அதை மனசுல படிக்கணும்வே, அட்டையைப் பாத்தா கணக்குப் போடுவாங்க?" என்று அண்ணாச்சி திருப்பிக் கேட்டார்.

கடைகளுக்கெல்லாம் நோட்டு போய்ச் சேர்ந்த பிறகு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அப்பா திண்டில் சாய்ந்து உட்கார்ந்து பின்னட்டையைப் பார்த்தார்.

"எல்லா ஊருக்கும் போயிருக்கா?"

"கடல் வரைக்கும் போயிருக்குப்பா."

விரலை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"போயிட்டா," என்றார்.

எழுந்து கொக்கரையை இறக்கினார். துரு பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுத் துடைத்தார். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக் கிழவருக்காகப் பாடினார், வேறொரு பாட்டு. தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். "இப்ப எதுக்கு அழுவுத, அதான் எல்லாம் சரியாச்சே," என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் புறப்படும்போது அப்பாவிடம், "கூடைக்காரி பாட்டை எனக்காக ஒரு தடவை பாடுங்கப்பா. ஒரு வரி விடாம முழுப் புத்தகமா போடப் போறேன்," என்று கேட்டேன்.

"அது எங்கிட்ட இல்ல," என்றார்.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. எடுத்தவ நீ, முடிச்சவளும் நீ. பாட்டு உங்கிட்டதான் இருக்கும். இனி நான் அதை எடுக்க முடியாது."

"நான் பொம்பளை. எனக்குப் பாட வராதுப்பா!"

"பாட வரும்னு நான் சொன்னேனா? உங்கிட்ட இருக்குன்னுதான் சொன்னேன்." மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிழங்குக் காட்டுக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில்தான் அது எனக்கு உறைத்தது. அவருடைய பாட்டை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தால், அதில் நல்லது ஒன்றைப் பிடுங்கிக்கொண்டல்லவா வந்திருக்கிறேன்! சொன்னபடியே அவர் அதை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நான் ஞாபகத்திலிருந்தே வரைந்து முடித்தேன். அந்த நோட்டு அட்டையைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து தேடி வந்தவர்கள் அதைப் புத்தகமாகப் போட்டார்கள். அடுத்தடுத்து வேலை வந்தது. மலையில் என் அப்பாவிடம் போய் அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு மட்டும், "மக பேட்டையில இருக்கா, அங்கன போ," என்ற பதில்தான் கிடைத்ததாம். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் அச்சகத்து மாடிப்படி ஏறி எங்கள் குடியிருப்புப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் புருஷன் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டரிடம் பேசச் சொல்லித்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் செருப்பை மாட்டினேன். அவள் நகரவில்லை.

"டாக்டரு பாக்காரு. அதுக்கு வரல. அந்தப் பாட்டு உங்கிட்ட இருக்காம்லா, உங்கப்பா சொன்னாரு."

"ஏக்கா, எனக்குப் பாடத் தெரியாது."

"பாடாட்டி என்ன? காட்டு."

தரையில் பாயை விரித்து, அசல் படங்களை எடுத்துவந்து ஒவ்வொன்றாக அவள் முன்னால் வைத்தேன். வைக்கும்போது என்ன நடக்கிறது என்று வாயால் சொன்னேன். ஓடை, கரடி, தேனீ. அவள் இமைக்காமல் பார்த்தாள். கூடைக்காரி முற்றத்தில் வந்து உட்கார்ந்த படத்தை வைத்தபோது கீழே மிஷின் நின்றது. அண்ணாச்சி படிக்கட்டிலிருந்து கத்தினார், "ஏ பிள்ள! மிஷின் சும்மா நிக்கி. லேபிள் படம் எங்க?"

"நடுவுல எந்திரிக்க முடியாது அண்ணாச்சி! நிக்கட்டும்!" என்று திருப்பிக் கத்தினேன்.

அதன்பிறகு கீழேயிருந்து சத்தமே வரவில்லை. கூடைக்காரி தின்றாள். அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சீக்கைக் கூடையில் போட்டுக்கொண்டு கூடைக்காரி மலையேறினாள், மறுபக்கம் கொட்டினாள். கடைசிப் படத்தை வைத்துவிட்டு, "போயிட்டா," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

அவள் மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து, பாட்டுக்காரருக்கு வைப்பதுபோல இரண்டு கையாலும் என் முன்னால் வைத்தாள். எங்கள் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு யாரும் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. எடுத்துக்கொண்டேன்.